இன்னிக்கு இன்னா கொழம்பு?

காலை நேரத்தில் அடுப்பங்கரையில் இரண்டு கை போதாமல் நான் பறந்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதிலும் பதில் கிடைக்கிறவரை நகராதவர்களை அறவே பிடிக்காது. சொக்கம்மாள் அந்த ரகம். தெருமுனையில் இருந்தே ஆரம்பித்துவிடுவாள். "யக்கா, ஃப்ளோரன்ஸக்கா! இன்னிக்கு இன்னா கொழம்பு?" கேரியரைக் கையில் கொடுத்தால் கூடையில் வைப்பாளா? மாட்டாள். மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூடியிடுக்கில் மோந்து பார்த்து, "மாங்கா போட்டுக்கீறே. ஆனா இது நேத்து மாங்காதானே?" என்பாள். தூக்கிக்கொண்டு போக வந்தவளுக்கு நேற்று மாங்காயாக இருந்தால் என்ன, போன வருஷத்து மாங்காயாக இருந்தால் என்ன?

அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ராயபுரத்தில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேருக்குத் துறைமுகத்தில் வேலை. மீதிப்பேர் திருவொற்றியூர் சாலையில் இருந்த கம்பெனிகளுக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் பாய்லர் கம்பெனி ஒன்றில் இருந்தார். இருட்டோடு கிளம்புகிறவருக்கு மத்தியானச் சோற்றை எப்படி ஆக்கிக் கொடுப்பது? அதற்குத்தான் கூடைக்காரிகள் இருந்தார்கள். வீடு வீடாக வந்து கேரியரை வாங்கிப் பெரிய மூங்கில் கூடையில் அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து ஏற்றிக்கொண்டு, வெயிலில் நடந்தே போய், கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குள் சேர்த்துவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் காலி கேரியர் வீட்டுக்கு வந்துவிடும்.

எங்கள் தெருக் கூடை சொக்கம்மாளுடையது. வியாசர்பாடிக்காரி, என் வயதுதான் இருக்கும். ஆள் ஒல்லி, ஆனால் கழுத்து மட்டும் தூண் மாதிரி இருக்கும். நீள மூக்கு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. வீட்டில் புத்தர் படம் வைத்துக் கும்பிடுகிறவர்கள். பாவம், வெயிலில் வருகிறாளே என்று யாராவது தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பாள். ஆனால் சொம்பைக் கையில் கொடுக்காமல் மேலே இருந்து ஊற்றினார்கள் என்றால் மறுநாள் அந்த வீட்டுக் கேரியர் வாசலிலேயே கிடக்கும், இவள் எடுக்கமாட்டாள். "அந்தக் கொழம்பு எனக்கு மோக்க புடிக்கலக்கா" என்பாள். அவ்வளவுதான் காரணம் சொல்வாள்.

மற்றக் கூடைக்காரிகள் அடையாளத்துக்குக் கேரியர் பிடியில் கலர் துணி கட்டுவார்கள். குப்பம்மா என்று ஒருத்தி, சிவப்பு, பச்சை, ஊதா என்று அவள் கூடையே தேர் மாதிரி இருக்கும். சொக்கம்மாள் ஒரு நூல்கூடக் கட்டமாட்டாள். "மூஞ்சில இத்தாம் பெரிய மூக்கை வச்சிகினு துணி எதுக்கு?" என்பாள். வாசனையை வைத்தே எந்தக் கேரியர் எந்த வீடு என்று சொல்லிவிடுவாள். ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி அலுமினியக் கேரியர்கள், ஒரு தடவைகூட மாறியது கிடையாது.

கூடையை அவள் அடுக்குகிற அழகைப் பார்க்கவேண்டும். ரசம் இருக்கிற கேரியர் நடுவில், அதைச் சுற்றிச் சோறு கெட்டியாக இருப்பவை, கருவாடு எப்போதும் காற்று வீசுகிற பக்கத்து ஓரத்தில். தயிர் இருந்தால் அதன்மேல் மட்டும் ஒரு ஈரச் சாக்குத் துண்டு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. "சொம்மா தூக்கிப் போட்டுகினு போனா போதாதா?" என்று நான் ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன். "போதும்க்கா. ஆனா எனக்கு வழியெல்லாம் பொழுது போவணுமே" என்றாள்.

பொழுதுபோக்காம்! அந்தப் பொழுதுபோக்கில் தெருவுக்கு எத்தனை வம்பு வந்தது என்று எனக்குத்தான் தெரியும். எதிர்வீட்டு வியாகுலம்மாள் தன் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு நல்லது என்று தினமும் பீட்ரூட் பொரியல் வைத்து அனுப்புவாள். அதை அவர் தினமும் கம்பெனி நாய்க்குப் போட்டுவிடுகிறார் என்று இவள் வந்து சொல்லிவிட்டாள். "நாயி நல்லா கொழுகொழுன்னு ஆயிட்ச்சிக்கா" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் பாத்திரம் பறந்தது. மறுநாள் வியாகுலம்மாள் இவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். இவளோ, "பொய் சொன்னேனா? கேட்டியே, சொன்னேன்" என்று நின்றாள்.

கேள்விக்கு ஆள் வித்தியாசமே கிடையாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுத்தபோசனம், கறி சாப்பிடமாட்டோம், மீன் மட்டும் சாப்பிடலாம். சொக்கம்மாளுக்கு இது பிடிபடவில்லை. "மீனும் உசுரு, ஆடும் உசுரு. ஆண்டவரு மீனை மட்டும் எதுக்கு வுட்டாரு?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? வழக்கம், அவ்வளவுதான் என்றேன். இவள் விட்டாளா? கூடையும் தலையுமாகக் கோயில் வாசலில் நின்று, பூசை முடிந்து வந்த சாமியாரையே மறித்துக் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு ஏதோ பதில் சொன்னாராம். "அவருக்கும் சரியா தெர்லக்கா. ஆனா நல்ல மனுசன், இல்லாட்டி தெர்லன்னு ஒத்துக்குவாரா?" என்று வந்து சொன்னாள். சேசுவே, எனக்கு மானமே போயிற்று.

என்னிடம் ஒரு நாள் இப்படித்தான் கேட்டாள். "யக்கா, உன் வூட்டுக்காரரு இன்னா வேலை செய்றாரு?"

"கம்பெனி வேலை."

"கம்பெனில இன்னா?"

"பாய்லர் வேலை."

"பாய்லர்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சம்பளம் வருகிறது, சட்டை அழுக்காக வருகிறது, துவைக்கிறோம். வேறு என்ன தெரியவேண்டும்? "உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லேன்" என்றேன்.

அவ்வளவுதான், கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குந்திவிட்டாள். பெரிய பெரிய இரும்புத் தகடுகளை வளைத்து ஒன்றோடு ஒன்று சேர்ப்பார்களாம். தகடு இரண்டிலும் ஓட்டை போட்டு, நெருப்பாகக் காய்ந்த ரிவிட் ஆணியை அதில் செருகுவார்கள். வெளியே இருந்து ஒருத்தர் சம்மட்டியால் அடிக்க, அது பின்னால் வழுக்கிவிடாமல் உள்ளே இருந்து ஒருத்தர் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். "அடிக்கிறது பக்தவச்சலம் அண்ணன், நம்ப புளியாந்தோப்பு ஆளு. உள்ளாற குந்திகினு புடிக்கிறது உன் வூட்டுக்காரரு. ஒரு ஆளு பூந்துபோற அளவுக்குத்தான் தொள இருக்கும். அது வழியா பூந்து போயி பாய்லரு வயித்துக்குள்ள குந்திகினு இருப்பாரு. காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும்."

"நீ எப்பிடிப் பாத்தே?"

"சாப்பாட்டுக் கொட்டாயில இருந்து எட்டிப் பாத்தா தெரியும். வாட்ச்மேன் வைவாரு, வையட்டுமே."

அந்தச் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்காது என்பதால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்களாம். அதையும் இவள் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். துளைக்கு நேரே நின்று முஷ்டியை மூடி நெஞ்சில் வைத்தால், பிடித்துக்கொள், அடிக்கப்போகிறேன். உள்ளங்கையைக் காட்டினால், நிறுத்து. வேலை முடிந்ததும் வெளியே இருப்பவர் அந்தத் துளை வழியாகக் கையை உள்ளே நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிப்பார். போதும், வெளியே வா என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறி வருவாராம். என் மகள் அடைக்கலமேரிக்கு அப்போது நாலு வயது இருக்கும். சொக்கம்மாளோடு சேர்ந்து அதுவும் கையை நீட்டி மடக்கி விளையாடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனைப் பற்றி ஊரான் வீட்டுக்காரி எனக்குப் பாடம் நடத்துகிறாளே! "சங்கு ஊதிடப்போவுது, கிளம்பு" என்று விரட்டினேன்.

இதெல்லாம் நடந்தபோது எங்கள் வீட்டில் சந்தோஷம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் முன்பெல்லாம் வாய் ஓயாத மனுஷர். கோயில் பாட்டுக் கோஷ்டியில் இவர் குரல் தனியாகக் கேட்கும். சாயங்காலம் தெருவில் கேரம் ஆடிக்கொண்டு இவர் சிரித்தால் கடற்கரை வரைக்கும் போகும். அந்த மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டுவிட்டார். பாட்டுக் கோஷ்டியை விட்டார். கேரம் போயிற்று. வீட்டுக்கு வந்தால் முற்றத்துப் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடுப்பங்கரையில் இருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். பக்கத்தில் போய் "ராத்திரிக்கு இட்லியா, தோசையா?" என்றால் "சரி" என்பார். "உங்க தங்கச்சி வூட்டுக்கு எப்போ போறது?" என்றால் அதற்கும் "சரி". பாதி நேரம் அதுவும் கிடையாது, மாடத்து மாதா சுரூபம் மாதிரி இருப்பார்.

நான் என்ன நினைப்பேன்? எந்தப் பெண்ணும் நினைக்கிறதைத்தான் நினைத்தேன். எவளோ ஒருத்தி இருக்கிறாள், அதனால்தான் வீடு கசக்கிறது என்று. கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பிப் பாவமாகப் பார்ப்பார், பிறகு எழுந்து போய்விடுவார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தவக்காலம் பாதி போயிருந்தபோது ஒரு சாயங்காலம் அடைக்கலமேரி குழாயடியில் வழுக்கி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டாள். வீறிட்டாள், தெருவே ஓடிவந்தது. அவளைப் பெற்றவர் அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், முதுகைக் காட்டியபடி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. நான் ரத்தத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றபோதுதான் பதறி எழுந்தார். அன்றைக்கு என் நெஞ்சு வெந்துபோயிற்று. என்னைப் பிடிக்காமல் போகட்டும், பெற்ற பிள்ளை கதறினால்கூடவா? இனி இந்த ஆளோடு எனக்கு வாழ்க்கை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். காத்திவாக்கத்தில் இருக்கிற என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை வந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிப்போவதாகப் பதில் வந்தது.

நான் இதைத் தெருவில் ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் சொக்கம்மாள் கேரியரை வாங்கி வழக்கம்போல மூக்குக்குத் தூக்கினாள். அன்று அவளுக்கு நல்ல ஜல்பு. கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மோந்து மோந்து பார்த்து, "ஒண்ணும் தெர்லியேக்கா. இன்னாது?" என்றாள்.

"சுறாப்புட்டு."

"உன் மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"எனக்கும் ஜல்பு" என்று கதவைச் சாத்தினேன். சுறாப்புட்டு அவருக்கு உயிர். கடைசியாக ஆக்கிப்போடுவது அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று ஏன் தோன்றியதோ, தெரியவில்லை. அதை ஆக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் தகரப்பெட்டியை இழுத்துப்போட்டுத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே சொக்கம்மாள் வந்துவிட்டாள். கூப்பிடவில்லை, கேட்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டாள். கூடையை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிகினு கீறே?"

"உனக்கு இன்னா அதைப் பத்தி?"

"சொல்லு. அப்பால நான் ஒண்ணு சொல்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கூப்பிட்டால் திரும்பாதது, பிள்ளை விழுந்தது, அண்ணன் வரப்போவது எல்லாவற்றையும். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அப்படி வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. நான் முடித்ததும் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னிக்கு நான் கேரியரை மாத்திக் குட்த்துட்டேன்க்கா" என்றாள்.

நடந்தது இதுதான். பக்தவச்சலத்துக்குப் புளியந்தோப்பு வீட்டில் இருந்து, இவள் வருகிற வழியில் வாங்கி வருகிற கேரியரில், அன்று கொத்துக்கறி வந்திருக்கிறது. ஜல்பு பிடித்த மூக்கோடு இவள் அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, என் சுறாப்புட்டைப் பக்தவச்சலத்திடம் கொடுத்துவிட்டாள். இரண்டும் உதிரி உதிரியாகப் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தபோது ஒரு தும்மல் வந்திருக்கிறது. மூக்கு திறந்துகொண்டது. கையில் கறிக்குப் போடுகிற பட்டை லவங்க வாசனை.

"திரும்பிப் பாக்கறேன், உன் வூட்டுக்காரரு ஒரு வாய் எடுத்துட்டாரு. வெள்ளிக்கெழமை, உங்குளுக்கு ஆவாதே. தொண்டை கிழியக் கத்தினேன்க்கா. 'அண்ணே, துன்னாதே, அது கறி!'ன்னு. சங்கு ஊதி மிஷினெல்லாம் நின்னுபோன நேரம், காக்கா கத்துனாக்கூட கேக்கும். கொட்டாயில கீற அத்தினி பேரும் திரும்பினாங்கோ. வாட்ச்மேன் திரும்பினான். அந்த பீட்ரூட் நாயி திரும்பிட்ச்சி. உன் வூட்டுக்காரரு மட்டும் திரும்பல. கை வாய்க்குப் போய்கினே கீது. எதிர்ல குந்தியிருந்த பக்தவச்சலம் அண்ணன் உள்ளங்கையைக் காட்னாரு. அப்பத்தான் டக்குனு நின்னுட்டாரு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் நான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்குக் காது கேக்கல. நான் பக்தவச்சலம் அண்ணனைத் தனியா இட்டுகினு போயி நச்சரிச்சிக் கேட்டேன். ஒரு வருசமா இப்டித்தானாம். மேலேருந்து தகடு எறக்கச் சொல்ல மணி அடிப்பாங்கோ, அதுகூட இவருக்குக் கேக்காது. அவருதான் இவரைத் தொட்டுத் தொட்டு இழுத்துகினு காபந்து பண்றாரு. வெளியில தெரிஞ்சா வேலையை வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு ரெண்டு பேருக்கும் பயம். உன்கிட்ட சொன்னா நீ இன்னா நெனைப்பியோன்னு இவருக்கு அது வேற பயம். பேசுனா கத்திப் பேசறமோ, கம்மியா பேசறமோன்னு தெர்லியாம், அத்தொட்டுப் பேச்சையே வுட்டுட்டாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்தேன்க்கா. ஆனா நீ பொட்டி கட்டிகினு கீறே. நான் இன்னா பண்ணட்டும்?"

"பொய் சொல்றே. எப்பிடிக் காது போவும், முழு ஆளுக்கு?" என்றேன். நம்பப் பிடிக்கவில்லை எனக்கு.

அவள் எழுந்துபோய் முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பித்தளை அண்டாவைப் படுக்கப்போட்டாள். "தலையை உள்ளாற வுடு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். "வுடுக்கா" என்று என் கழுத்தைப் பிடித்து அழுத்திவிட்டு, வெளியே இருந்து அம்மிக்குழவியால் ஒரே ஒரு அடி அடித்தாள்.

மாதாவே! அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது, நெஞ்செலும்பில் கேட்டது. நான் அலறிக்கொண்டு தலையை வெளியே இழுத்தேன். எதிரே சொக்கம்மாள் வாயை அசைப்பது தெரிந்தது, என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அடைக்கலமேரி பயந்து அழுதுகொண்டு ஓடிவந்தாள். அந்த அழுகையும் எங்கோ தூரத்தில் இருந்துதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காது தெளிந்தபோது சொக்கம்மாள் மெதுவாகச் சொன்னாள். "இது ஒரு அடி. பித்தளை அண்டா. அது இரும்பு. இத்தினி வருசம்."

நான் அழுதேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள். அது ஜல்பா, அழுகையா என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் வழக்கம்போல் பொழுது சாய்ந்து வந்தார். கதவோரம் பெட்டி கட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. கை கால் கழுவிக்கொண்டு போய் முற்றத்துப் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பழக்க தோஷத்தில் "இன்னாங்க" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே போய்த் தரையில் குந்தினேன். கையை நீட்டினேன். விரல்களை மடக்கி விரித்தேன். மறுபடி மடக்கி விரித்தேன்.

போதும், வெளியே வா.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது பெண்டாட்டி கையைப் பிடிக்கிற பிடி இல்லை. எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. "ஃப்ளோரன்ஸு, எனக்குக் காது போச்சு!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டு வியாகுலம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்து அந்த மனுஷர் குரலைக் கேட்கிறேன், மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

"பேமானி மனுசா! இத்தை முன்னாடியே சொன்னா நாக்கு அழுகிடுமா? ஒரு வருசம் என்னை அழவச்சியே!" என்று நானும் கத்தினேன். ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் நான் வைகிறேன் என்பது வாயைப் பார்த்தே புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் ஒழுக ஒழுக அவர் சிரித்தார். அடைக்கலமேரி இடையில் வந்து நின்றுகொண்டு, தானும் கையை நீட்டி விரல்களை மடக்கி விரித்தாள்.

அண்ணன் மறுநாள் வந்தார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஈஸ்டர் கழிந்ததும் என் வீட்டுக்காரர் தானே போய் மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னார். பக்தவச்சலம் கூடவே நின்றார். வேலை போகவில்லை. பாய்லருக்குள் இறங்கும் வேலையை விட்டு, வெளியே தகட்டுக்குச் சாயம் அடிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். காது திரும்பி வரவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் கையால் பேசிக்கொள்ளப் பழகினோம். கம்பெனிச் சைகை போதாமல் இட்லிக்கும் தோசைக்கும் நாங்களே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டோம். எனக்குக் கோபம் வந்தால் பாவம், அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமைக் காலையைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். தெருமுனையிலேயே குரல் வந்தது. "யக்கா! நேத்து இன்னா ஆச்சி? சொல்லு! இன்னிக்கு இன்னா கொழம்பு?" ஓடியே வந்திருப்பாள்போல, மூச்சு வாங்கியது.

நான் கேரியரைக் கொடுக்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். "அது இருக்கட்டும். உன் வூட்ல இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்றேன்.

சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். தெருவில் எல்லோருடைய குழம்பும் அவளுக்குத் தெரியும். அவள் குழம்பை ஒருத்தரும் கேட்டதில்லை. மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். "இன்னாக்கா, திடீர்னு" என்றாள். பிறகு மெதுவாக, "கத்திரிக்காயும் நெத்திலியும். எங்கம்மா செய்ற மாதிரி, புளியைச் சுட்டுக் கரைக்கணும்" என்றாள்.

"சுட்டா? எப்பிடிச் சுடுவே?"

கூடையை இறக்கி வைத்தாள். என் பக்கத்தில் குந்தினாள். புளியை எப்படிச் சுடுவது, நெத்திலியை எப்போது போடுவது, அவளுடைய சின்னவன் எதைப் பொறுக்கித் தின்பான், அவள் வீட்டுக்காரன் எதற்கு முகம் சுளிப்பான் என்று ஆரம்பித்தவள், அந்தப் பெண்ணுக்குள் இத்தனை பேச்சு பாக்கி இருந்ததா என்று நான் வாயைப் பிளக்கிற அளவுக்குப் பேசினாள்.

அன்றைக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் கம்பெனியில் சங்கு ஊதிவிட்டது. அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அத்தனை பேரும் காத்திருந்து, ஆறிப்போன சோற்றைத் தின்றார்களாம், என் வீட்டுக்காரர் உட்பட. தின்னட்டும், ஒரு நாள்தானே.